நாட்டின் பிறந்தநாளும் தெருவின் பங்கும்

செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் காளவாசல் என்று அழைப்பது நம் பாண்டிச் சீமையின் வழக்கு. மதுரை மாநகரின் மேற்கே, தேனி செல்லும் சாலையும் புறவழிச் சாலையும் கூடுகின்ற சந்தி அந்தப் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. இன்று அங்கே சூளை இல்லை. புகைக்குக் குறைவில்லை; ஆனால் அது வண்டிகள் கக்கும் புகை! 2020இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மீது விரைவோர் யாரும், எந்தச் சூளை, எவர் வெந்தார், எவர் வீட்டுக்குக் கல் போயிற்று என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சுட்டவன் குடிசையில் கிடந்தான், சுட்ட கல் மாளிகை ஏறிற்று. ஊர்களின் வரலாறு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்தச் சந்தியில் நின்றுகொண்டு, தோழர்களே, இரண்டு சாவுகளை எண்ணிப் பார்க்கிறோம்.

ஒன்று, வைகைக்கு அக்கரையில் நிகழ்ந்தது. 1956 அக்டோபர் 13 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். விருதுநகரில் சூலை 27 அன்று தொடங்கிய உண்ணாநோன்பு அங்கே முடிந்தது. அவர் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில், இந்த நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆள்வோர் ஆடம்பரத்தை விட்டொழிக்க வேண்டும் என்று அதே பட்டியலில் அவர் கேட்டிருந்ததை மட்டும், விழா எடுப்போர் வசதியாக மறந்துவிடுகின்றனர். தம் வீட்டையும் கையிருப்பையும் ஊரின் பெண்கள் பள்ளிக்கு எழுதிவைத்து, வருகின்ற வட்டியில் பிள்ளைகளுக்கு நண்பகலில் உப்புமா போடச் செய்தவர் அந்த முதியவர். பெயர் கேட்டு மாண்டவர், அதற்கு முன்பே பசியாற்றும் ஏற்பாட்டையும் செய்து வைத்திருந்தார் என்பது நம் கட்டுரைக்கு மிக வேண்டிய செய்தி.

மற்றொரு சாவு, காளவாசலிலிருந்து புறவழிச் சாலையிலேயே தெற்கே சென்றால் வருகின்ற பழங்காநத்தத்தில், நேரு நகரில் நிகழ்ந்தது. 2022 ஏப்ரல் 21 இரவு, கழிவுநீர் ஏற்று நிலையத்தின் தொட்டியில் மோட்டாரைச் சீர்செய்யும் வேலையில் ஈடுபட்ட ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் நச்சுக்காற்றில் மாண்டனர். மனிதனைக் கழிவுக்குள் இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லி ஒன்பது ஆண்டுகள் ஆன பின்னர் நிகழ்ந்த சாவு அது.

ஒருவர் நாட்டுக்குப் பெயர் கேட்டு இறந்தார். மூவர் அந்தப் பெயர் பெற்ற நாட்டில், அதன் நகரத்து அழுக்கை நகர்த்தப் போய் இறந்தனர். இவ்விரண்டுக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுக் காலம் கிடக்கிறது. அந்த இடைவெளியில் நாட்டின் பிறந்தநாள் எப்படிக் கொண்டாடப்பட்டது, எவர் பணம், எவர் ஒப்புதல், எதற்குச் செலவு என்பதைப் பேசவே முன்வந்தோம்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் போயின. வைகைப் பாசனத்துக்கு நீர் தரும் பெரியாற்று மலைகள் கைவிட்டுப் போனதன் வலி மதுரைச் சமவெளிக்கு நன்றாகவே தெரியும். நிலம் பிரிந்தது, பெயர் மட்டும் பிறக்கவில்லை. சென்னை மாநிலம் என்றே ஏடுகள் பேசின. 1967 சூலை 18 அன்று அண்ணா சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானத்தைக் கொண்டுவர, அது ஒருமனதாக நிறைவேறிற்று. நாடாளுமன்றம் 1968இல் சட்டம் செய்ய, 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடப்புக்கு வந்தது. அந்தப் பெயர் தாங்கிய நாட்டில் அண்ணா வாழ்ந்தது இருபதே நாட்கள்.

எது பிறந்தநாள் என்பதில் பின்னாளில் வழக்கு எழுந்தது. 2019இல் அன்றைய அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்து, விழாவுக்குப் பத்து இலட்சம் ரூபாய் ஒதுக்கிற்று. 2021இல் அடுத்து வந்த அரசு சூலை 18ஏ அந்த நாள் என்றது. மாவட்டந்தோறும் மாணவர்க்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பத்தாயிரம், ஏழாயிரம், ஐயாயிரம் ரூபாய்ப் பரிசுகள் என்று அது நடக்கலாயிற்று. எல்லை பிரிந்த நாளா, பெயர் பிறந்த நாளா என்ற வழக்கில் நம் மனம் சூலை 18இன் பக்கமே சாய்கிறது. ஆயினும் நாள் எதுவாயினும், அந்த நாளில் தெருவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் குறைவு என்பதே நம் குறை.

பத்து இலட்சம் என்ற எண்ணை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். சாக்கடையில் மாண்டவன் குடும்பத்துக்குத் தர வேண்டுமென்று 2014இல் உச்சநீதிமன்றம் வகுத்த தொகையும் அதே பத்து இலட்சம்தான்! 2023 அக்டோபரில்தான் அது முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது.

ஆட்சியாளர் விழா எடுப்பதும் அதன் பெயரால் கட்டடம் எழுப்புவதும் புதியன அல்ல. 1877 சனவரி முதல் நாள் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் கூடிற்று. இங்கே தாது வருடப் பஞ்சம்! தென்னாட்டு ஊர்களில் பிணங்கள் வழியெல்லாம் கிடந்த காலம். ஒரு புறம் விருந்தும் வெடிமுழக்கமும். மறு புறம் டெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி, மண் சுமக்கும் ஏழைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அளந்துகொண்டிருந்தார். பத்தாண்டு கழித்து, அரியணை ஏறி ஐம்பதாண்டு ஆனதன் நினைவாகச் சென்னையின் நகர மண்டபம் விக்டோரியா மண்டபம் ஆயிற்று. மதுரையும் சளைக்கவில்லை, தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றம் இரண்டு முடிகளின் பெயரைச் சேர்த்துச் சுமந்தது. பகலில் படிப்பகமும் மாலையில் ஆங்கிலப் படமுமாக அது மதுரை இளைஞர்க்கு உதவியதை நாம் மறுக்க மாட்டோம். அதை விரும்பியே பயன்படுத்தினோம். ஆனால் அந்நாளில் மண்டபம் வேண்டுமா, மருத்துவமனை வேண்டுமா, குடிநீர்க் குழாய் வேண்டுமா என்று சூளையில் வெந்தவனை யாரேனும் கேட்டதுண்டா? நன்கொடை கொடுத்தவர் செல்வர். முடிவு செய்தவர் துரை. பெயர் அரசிக்கு. கல் சுமந்தவன் கணக்கில் இல்லை.

இதற்கு மாறான ஒரு வழியும் உலகில் இருந்தது. நம் சட்டமன்றம் பெயர்த் தீர்மானம் நிறைவேற்றிய அதே 1967இல் கானடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிற்று. நடுவணரசு தலைக்கு ஒரு டாலர் என்று கணக்கிட்டுத் தரும். அதற்கு ஈடாக மாகாண அரசும் ஒரு பங்கு, ஊராட்சியும் ஒரு பங்கு போட வேண்டும். எதைக் கட்டுவது என்பதை அந்தந்த ஊர் சொல்லும். இப்படி நூலகங்களும் பூங்காக்களும் விளையாட்டரங்குகளும் நாடெங்கும் எழுந்தன. ஊர் சொல்வதெல்லாம் அறிவாகவே இருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆல்பர்ட்டா மாகாணத்தில் செயின்ட் பால் என்னும் சிற்றூர், வேற்றுலகத்தார் பறக்கும் தட்டில் வந்தால் இறங்குவதற்கு ஒரு தளம் கட்டித் திறந்துவைத்தது! நகைக்கலாம். வாராத தட்டுக்குத் தளம் கட்டியதைப் பார்த்து நகைக்கும் நாம், அரசு வேலை தொடங்கும் இடத்தில் தேங்காய் உடைத்துப் பூமிப் பூசை போடுவதைப் பார்த்து வாய் மூடி நிற்கிறோமே, அதை எண்ணியும் சற்று நகைப்போம்.

ஆனால் மானிடோபா மாகாணத்துச் சிற்றூர் பௌஸ்மன் செய்ததைக் கேட்டால் நகைப்பு நின்றுவிடும். அவ்வூரார் கழிவுநீர்க் குழாய் அமைத்து முடித்தனர். நூற்றாண்டு பிறந்த புத்தாண்டு வேளையில், அதுவரை வீட்டுக்கு வெளியே வைத்திருந்த மரக் கழிப்பறைகளை ஒன்றாகக் குவித்துத் தீ மூட்டினர். ஆடினர், பாடினர். வாணவேடிக்கை அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. நாட்டின் நூற்றாண்டை நாற்றத்தின் முடிவாகக் கொண்டாடியது அந்தச் சிற்றூர். நமக்கோ, மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க முதற்சட்டம் வந்ததே 1993இல்!

கானடா செல்வ நாடு என்பீர். அப்படியானால் நம் பக்கத்து வீட்டைப் பார்ப்போம். நம்மோடு அதே நவம்பர் 1 அன்று பிறந்த கேரளம், 1996 ஆகஸ்டு 17 அன்று மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிற்று. திட்ட நிதியில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது வரை உள்ளாட்சிகளின் கையில் விடுவது, கிராம சபை கூடித் தேவையைச் சொல்வது என்பது அதன் முறை. அதே நாளில் பிறந்த கருநாடகம், பொன்விழாவை ஒட்டி 2006இல் சிற்றூர் மேம்பாட்டுக்கென்றே சுவர்ண கிராமோதயத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அவை குறையற்றவை என்று நாம் சான்றிதழ் வழங்கவில்லை. பிறந்தநாளுக்கும் தெருவுக்கும் ஒரு கயிறு கட்டினார்கள் என்பதையே சொல்கிறோம்.

நம்மிடமும் ஒரு முறை உண்டு. 1997-98இல் நமக்கு நாமே திட்டம் பிறந்தது. ஊரார் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் எஞ்சியதை அரசு தரும். ஆதிதிராவிடர் குடியிருப்பாயின் ஐந்தில் ஒரு பங்கு போதும். பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், மக்கள் பங்கு முன்னதாகக் கட்டப்பட வேண்டும், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி வழங்க வேண்டும். பாதியோ அதற்கு மேலோ தருவோர் வேலையைத் தாமே நடத்தவும் விதி இடம் தருகிறது. ஆட்சி மாறி 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்று வேறு பெயர் வந்தது. மீண்டும் ஆட்சி மாற, 2021இல் பழைய பெயர் திரும்பிற்று. பெயருக்குத்தான் எத்தனை பாடு! ஏழைத் தெரு தன் பங்கை எப்படித் திரட்டும் என்ற கேள்வியோ எந்தப் பெயரிலும் தீரவில்லை.

நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு தெருவில் திறந்து கிடந்த சாக்கடைக்கு மூடி போட வேண்டும். நண்பர்கள் சிலர் உண்டியல் ஏந்தினோம். தானி ஓட்டுவோர் தந்தனர், சலவைக்காரர் தந்தனர், இட்டலி விற்கும் அம்மையார் சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். ஆறு திங்கள் அலைந்தும் மூன்றில் ஒரு பங்கின் பாதியைக்கூட எட்டவில்லை. அப்போது செல்வர் ஒருவர் வந்தார். சாக்கடைக்குத் தர மாட்டாராம். முகப்பில் தம் தந்தையார் பெயரைப் பொறிப்பதாயின், பேருந்து நிழற்குடைக்குப் பாதிக்கு மேலேயே தருவாராம்! நிழற்குடைக்கு அனுமதி வந்தது. வேலையும் விரைவாக முடிந்தது. சாக்கடை திறந்தே கிடந்தது. திரட்டிய சில்லறையை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கும்போது இருந்ததைவிடக் கொடுக்கும்போது வெட்கமாக இருந்தது.

அந்தச் செல்வரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. விதி அப்படி நடக்கத் தூண்டுகிறது. பணம் உள்ளவன் கேட்பதே ஊரின் தேவை என்று பதிவாகும்படி விதி இருந்தால், 1887இன் மண்டபம் வேறு உருவில் திரும்ப வருகிறது. அரசியின் இடத்தில் அப்பா பெயர், அவ்வளவே. தெருவின் உழைப்பைப் பங்காக ஏற்க வேண்டும். சாக்கடை, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்கு ஏழைத் தெருவிடம் பங்கே கேட்கக் கூடாது. நிழற்குடைக்கும் தோரணவாயிலுக்கும் வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு கேட்கட்டும்!

நினைவு நாளில் நல்லது எழவே இல்லை என்று நாம் சொன்னால் அது பொய். 2023 சூலை 15 அன்று மதுரை நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 215 கோடி ரூபாயில் உருவானது. படிக்க இடமின்றித் தவித்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே நாள் முழுவதும் அமர்ந்திருக்கக் காண்கிறோம், மகிழ்கிறோம். தலைமைச் செயலகம் நினைத்தால் நூலகம் வரும். பழங்காநத்தத்துத் தொட்டிக்கு ஒரு காற்றூதி வேண்டும் என்பது தலைமைச் செயலகத்தின் மாடியிலிருந்து தெரியாது. அது தொட்டியின் பக்கத்தில் குடியிருப்பவனுக்கே தெரியும்.

அவன் பேசுவதற்கு ஒரு நாள் வந்திருக்கிறது. 2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி நாள் ஆக்கப்பட்டது. ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை ஆறு முறை கூட வேண்டும் என்று விதித்து, மார்ச் 22உடன் இந்த நாளையும் சேர்த்தனர். அதே ஆண்டு நகரங்களுக்கும் வட்டக் குழு, பகுதி சபை என்ற விதிகள் வந்தன; நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடலாயின. மாநிலம் பிறந்த நாளே மக்கள் சபை கூடும் நாளாகிவிட்டது! விழாப் பிரிவினர்க்கும் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. பட்டிருந்தால் அன்று ஒரு தோரணமாவது கட்டியிருப்பார்கள்.

எனவே இளைஞர்கட்கு நம் வேண்டுகோள் இது. நவம்பர் 1 அன்று காளவாசலிலும் பழங்காநத்தத்திலும் அரசரடியிலும் பகுதி சபை கூடும்போது, கைதட்ட மட்டும் போகாதீர்கள். எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் தீர்மானம்: இந்த வட்டத்தின் ஒவ்வொரு கழிவுநீர்த் தொட்டிக்கும் நச்சுக்காற்றை அளக்கும் கருவி, காற்றூதி, மோட்டாரை மேலிருந்தே தூக்கும் சங்கிலி ஏற்றம் வாங்கப்பட வேண்டும், அவை வரும்வரை எந்த மனிதனும் உள்ளே இறங்கலாகாது. இரண்டாம் தீர்மானம்: மாநில நாள் விழாவுக்கென மதுரையில் எந்தத் துறை எவ்வளவு செலவிட்டாலும், அதே அளவு தொகை பகுதி சபைகள் கேட்கும் பணிகளுக்கு அதே ஆண்டில் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாம் தீர்மானம்: மதிப்பீடு, அனுமதி நாள், ஒப்பந்தக்காரர், கொடுத்த தொகை ஆகிய நான்கையும் வேலை நடந்த இடத்துச் சுவரிலேயே, படிக்கும் அளவில், தமிழில் எழுதிவைக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிற்றா என்று நின்று பாருங்கள். கையொப்பமிடும்போது, தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வந்தவர்களை முதலில் இடச் சொல்லுங்கள்.