எங்கே குடி போறது? சீஃபீல்ட் தோட்டத்துல இருந்து சுபாங் ஜெயா வரைக்கும்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயித்துக்கிழமை ஓய்வா இருக்கும்போது படிங்க.

இப்போ கோயில்ல அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தா வாரா வாரம் இதே பேச்சுதான். புதுசா கல்யாணம் ஆன பிள்ளைங்க, சின்னக் குழந்தை வச்சிருக்கிறவங்க கேக்குறாங்க. "அண்ணே, சுபாங்குல வாடகை கட்டி மாளல. ரவாங் பக்கம் போலாமா, பந்திங் போலாமா, செமினி போலாமா? இல்ல ஒரேயடியா ஜொகூர் போயி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடலாமா?"

நாங்க வீட்டு ஏஜெண்டு இல்லை. ஆனா இந்தக் கேள்வி புதுசு இல்லை. நாம இன்னைக்கு நிக்கிற இதே மண்ணுல நம்ம அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் இதைக் கேட்டிருக்காங்க. அவங்க எதை வச்சு முடிவு எடுத்தாங்க, அவங்களுக்கு என்ன கிடைச்சது என்பதை இளையவங்க தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

சுபாங் ஜெயா என்று இன்று சொல்கிற இடம் அன்றைக்கு சீஃபீல்ட் தோட்டம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. 1976-ல் இங்கே வீடமைப்பு வேலை ஆரம்பமானது. 1985-ல் மருத்துவமனை வந்தது, 1988-ல் சுபாங் பரேட், அதே வருஷம் யூஎஸ்ஜே பக்கம் மரங்களைச் சாய்க்க ஆரம்பிச்சாங்க. 1997-ல் நகராண்மைக் கழகம், 2020 அக்டோபர்ல மாநகர். சீஃபீல்ட் என்கிற பெயர் மட்டும் இடைநிலைப்பள்ளியிலும் தமிழ்ப்பள்ளியிலும் மாரியம்மன் கோயிலிலும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கோயில் 1891-ல் தொடங்கினது என்று ஆலயத்தார் சொல்வார்கள். ஒரு விஷயம் கவனிங்க. மலாக்காவில் தான் சாய் யான் முதல் ரப்பர் தோட்டம் போட்டது 1896-ல்தான். அதற்கு முன்னே கிள்ளான் வட்டாரத்தில் துரைமார்கள் போட்டது காப்பி. அப்படின்னா ரப்பருக்கு முந்தியே நம்ம ஆளுங்க இந்தப் பக்கம் வந்துட்டாங்க. (2018 நவம்பர் சம்பவம் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை. கமெண்ட்ல அதைக் கிளப்ப வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கிறோம்.)

கப்பல்ல வந்தவங்களுக்கு எங்கே குடி இருக்கணும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லைன்னு நாம நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே 1907-ல் தோட்ட முதலாளிகள் எல்லாரும் பணம் போட்டு ஒரு குடியேற்ற நிதி வந்தது. அதில் டிக்கெட் இலவசம். கங்காணி கூட்டிட்டு வந்தாலும் சட்டப்படி ஒரு மாச நோட்டீஸ் கொடுத்து வேறு தோட்டத்துக்குப் போகலாம். கங்காணிக்குப் பட்ட கடன், கிராணியின் மிரட்டல், இதெல்லாம் இழுத்துப் பிடிக்கத்தான் செய்தது. ஆனாலும் போனாங்க. ராத்திரியோட ராத்திரியா பாத்திரம் பண்டத்தைத் தூக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போன கதை நம்ம எல்லார் வீட்டுலயும் ஒன்று இருக்கும்.

எதைப் பார்த்துப் போனாங்க? அன்றைக்கு வாழ்க்கைத் தரம் என்றால் முதலில் காய்ச்சல்தான். மலேரியா. 1901-ல் மால்கம் வாட்சன் என்கிற டாக்டர் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ கிள்ளானும் துறைமுகமும் காய்ச்சலில் செத்துக்கிட்டு இருந்தது. அப்போதான் புதுசா திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம், அதை மூடிடலாமா என்று பேசுற அளவுக்குப் போயிடுச்சு. அவர் சதுப்பு நிலத்தை வெட்டிக் காய வைத்து, புதரை அழித்து, காய்ச்சலை அடக்கினார். உலகத்தில் கொசுவை ஒழித்து ஊரைக் காப்பாற்றிய முதல் இடங்களில் நம்ம கிள்ளான் ஒன்று. பள்ளிக்கூடத்துல இதை ஏன் சொல்லித் தர மாட்டேங்கிறாங்கன்னு தெரியல. அதன் பிறகுதான் தோட்டங்களிலும் கால்வாய் வெட்டி எண்ணெய் தெளிச்சாங்க. செய்த தோட்டத்துக்கு ஆள் தங்கினது, செய்யாத தோட்டத்தில் ஆள் ஓடினது. "அந்தத் தோட்டம் தண்ணி நல்லது", "இந்தத் தோட்டம் காய்ச்சல் தோட்டம்" என்று கிழவிகள் பேசுறதை நாங்களே சின்ன வயசுல கேட்டிருக்கோம்.

அடுத்தது பள்ளிக்கூடம். 1923 தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் இருக்கிற தோட்டம் பள்ளி வைக்கணும் என்று வந்தது. பல இடத்தில் அது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான். ஆனால் அந்தக் கொட்டகை இருக்கிற தோட்டத்தை விட்டு ஆள் லேசில் நகர மாட்டார்கள்.

1938-ல் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. சண்டை, ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில், அவசரகாலம் எல்லாம் வந்து போனது. அதைப் பற்றி தனியாகத்தான் எழுதணும்.

சுதந்திரம் வர்ற நேரத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கினவன் துண்டு போட்டு விற்றான். துண்டான தோட்டத்தில் லயம் கிடையாது, பள்ளி கிடையாது, பிரட்டு கிடையாது. அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மாசம் 10 வெள்ளி கட்டு, நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1961-ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினாங்க. அரசியலில் அவரைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். ஆனால் இருக்கிற இடத்திலேயே இருக்கணும்னா அந்த இடம் நம்ம பேர்ல இருக்கணும் என்று கணக்குப் போட்டு, தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னவர் அவர். பால் வெட்டுறவனுக்கு மாசம் 10 வெள்ளி சின்னக் காசு இல்லை. அதையும் கட்டினாங்க பாருங்க.

பிறகு 1969. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒர்க் பெர்மிட் வேண்டும் என்கிற சட்டம் நடப்புக்கு வந்தது. சிவப்பு அடையாள கார்டு வைத்திருந்த நம்ம ஆட்கள் நிறைய. இங்கேயே பிறந்து, பாரம் எழுதத் தெரியாமலும் யாரும் எழுதித் தராமலும் இருந்தவர்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அங்கே போனால் அவர்களுக்கு ஊர் இல்லை, நிலம் இல்லை. அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இன்னைக்கும் வாட்ஸ்அப்பில் சொந்தம் தேடுறாங்க. அவங்க எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குப் போறதுன்னு யோசிச்சு முடிவு எடுக்கல. ஒரு பேப்பர் எடுத்த முடிவு அது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 1970களில் சுங்கைவேயில், ஷா ஆலத்தில் ஃபேக்டரிகள் வந்தன. தோட்டத்து வாசல் வரைக்கும் ஃபேக்டரி பஸ் வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிப் போனது. அப்பா பால் வெட்டப் போறார், அக்கா வயர் கட்டப் போறாங்க, ராத்திரிக்கு இரண்டு பேரும் ஒரே லயத்தில். எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் ஃபேக்டரிக்குப் போனது இப்படித்தான். அந்தப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஒரு விதத்தில் நல்ல காலம். வீட்டு வாடகை இல்லை, இரண்டு சம்பளம், பக்கத்திலேயே பள்ளி, கோயில்.

தோட்டம் மூடினபோதுதான் தெரிஞ்சது, வீடு வேலையோடு ஒட்டின வீடு என்று. வேலை போனால் வீடும் போகும். பள்ளியும் கோயிலும் முதலாளி நிலத்தில். கிராண்ட் நம்ம பேர்ல ஒரு சாண் கூட கிடையாது.

ஒரு கணக்கு சொல்றோம், பொறுமையா பாருங்க. வேலை நிறுத்தினால் நஷ்ட ஈடு எவ்வளவு என்று 1980-ல் ஒரு சட்டவிதி வந்தது. 5 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். ஒருத்தருக்கு நாள் கூலி 12 வெள்ளி, 25 வருஷ வேலை என்று வச்சுக்குவோம். 12 பெருக்கல் 20 பெருக்கல் 25. ஆறாயிரம் வெள்ளி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து 12,000. அன்றைக்கு மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த விலை 25,000 வெள்ளி. அதாவது இரண்டு பேரின் ஆயுசு உழைப்பும் பாதி வீடு. மீதிக்கு பேங்க் லோன் வேணும். ஐம்பது வயசு, வேலை இப்போதுதான் போனது, எந்த பேங்க் கொடுக்கும்? இபிஎஃப் எடுத்தால் முடியும், ஆனால் அது கிழவன் கிழவிக்கு வச்சிருந்த சோறு. பிள்ளை ஃபேக்டரியில் இருந்தால் பிள்ளை பேரில் லோன். பிள்ளை இல்லாதவங்க, இல்லை பிள்ளை சரியில்லாதவங்க புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு போட்டாங்க. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான் கம்பங்கள் பெருகியது. "தமிழன் சோம்பேறி, புறம்போக்கில் உட்கார்ந்தான்" என்று பேசுறவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சிலாங்கூரில் 2005-க்குள் புறம்போக்கே இருக்கக் கூடாது என்று திட்டம் வந்தபோது அந்த வீடுகளும் போய், அடுக்குமாடிக்கு ஏறினாங்க. ஒரே ஆயுசில் மூன்றாவது வீடு.

கூட்டமாகப் போனவர்கள் கதையும் இருக்கு. புத்ராஜெயா 1990களில் எழும்பியது பிராங் பெசார் தோட்டத்தில். அதோடு சுற்றி இருந்த செட்ஜ்லி, கேலோவே, மெடிங்லி தோட்டங்களும் சேர்ந்து சுமார் 400 குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். எல்லாரும் ஒன்றாகப் போனதால் கூட்டம் கலையவில்லை, பள்ளியும் கூடவே வந்தது. அது நல்லது. ஆனால் கட்டடத்தில் வெடிப்பு விழுந்தது. தரை வீடு கேட்டு அந்த மக்கள் 20 வருஷத்துக்கு மேல் நடையாய் நடந்தார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு மண்ணை விட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். நாங்கள் இதைச் சும்மா எழுதிட்டுப் போக முடியல.

எங்க பக்கம் அப்படிக் கூட்டமாகப் போகலை. சிதறினாங்க. சிலர் பூச்சோங், சிலர் கிள்ளான், சிலர் ஷா ஆலம், கொஞ்சம் பேர் இங்கேயே சுபாங்கில் அடுக்குமாடி. முடிவு எடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதை ஆண்கள் ஒத்துக்கணும். அப்பா மோட்டார் ஓட்டி எவ்வளவு தூரமும் வேலைக்குப் போவார். பெடரல் நெடுஞ்சாலையில் அந்த மோட்டார் பாதை இருந்ததே நம்ம ஆளுங்களுக்குத்தான் என்று சொல்லலாம். அம்மா கேட்டது வேறு. பிள்ளை நடந்து போற தூரத்தில் தமிழ்ப்பள்ளி இருக்கா? ராத்திரி காய்ச்சல்னா தட்டுறதுக்குத் தெரிஞ்ச கதவு இருக்கா? செத்தா தூக்க ஆள் வருமா? கிள்ளானுக்கு அத்தனை பேர் போனதற்குக் காரணம் வீட்டு விலை மட்டும் இல்லை. அங்கே எல்லாமே இருந்தது. கடைத்தெருவில் தமிழ்ல பேசி வாங்கலாம். 1995-ல் கொமுட்டர் ரயில் வந்ததும் கிள்ளான்ல இருந்துகிட்டே சுபாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்கு வர முடிஞ்சது. வீடு மலிவான ஊர்ல, வேலை காசு உள்ள ஊர்ல, நடுவுல ரயில். நல்ல கணக்குதான் அது.

தூரமாய்ப் போய் மலிவாய் வீடு வாங்கினவர்களில் கஷ்டப்பட்டவர்களும் உண்டு. ஷிப்டு முடிஞ்சு வர இரண்டு மணி நேரம், பிள்ளை சாயந்திரம் முழுக்கத் தனியாய். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலையில் இதை நாங்க நேரிலேயே பார்க்கிறோம். யாரு லேட், யாரு தூங்கி வழியுறா, யாரு மகன் பள்ளிக்குப் போகலைன்னு போன் வந்து ஓடுறா என்று பார்த்தால், பாதி கேஸ் வீடு இருக்கிற இடத்துப் பிரச்சினை. ஆளுடைய பிரச்சினை இல்லை.

அதனால ரவாங்கா பந்திங்கா என்று கேக்குற தம்பிமார்களுக்கு, தங்கச்சிமார்களுக்கு ஒன்று சொல்றோம். விலையைப் பார்த்ததும் முன்பணம் கட்டாதீங்க. ஒரு வேலை நாள் காலையில் ஐந்தரைக்கு அந்த வீட்டு வாசல்ல இருந்து கிளம்பி உங்க வேலை இடத்துக்கு வந்து பாருங்க. சாயந்திரம் திரும்பிப் போங்க. தமிழ்ப்பள்ளியில் இடம் இருக்கா என்று பெரியாசிரியரைப் பார்த்து நேரா கேளுங்க. கிராண்ட் குத்தகையா, எத்தனை வருஷம் மிச்சம் என்று வக்கீல்கிட்ட கேளுங்க, ஏஜெண்டு சொல்றதை நம்பாதீங்க. வயசான அப்பா அம்மா கூட வர்றாங்கன்னா லிஃப்டு வேலை செய்யுதா என்று நாலு தடவை வேற வேற நாள்ல போய்ப் பாருங்க. ஜொகூர் போறவங்க, சிங்கப்பூர்ச் சம்பளத்தை வெள்ளிக்கு மாத்திக் கணக்குப் போடும்போது பாலத்துல நிக்கிற நேரத்தையும் சேர்த்துப் போடுங்க.

இன்னொரு வேண்டுகோள். சீஃபீல்ட், பத்து தீகா, கின்ராரா பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் உங்க வீட்டுல பழைய லயத்து போட்டோ, தோட்டத்து அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் கார்டு எது இருந்தாலும் போட்டோ புடிச்சு கோயில் ஆபீஸ்ல கொடுங்க. எந்தக் குடும்பம் எந்த வருஷம் எந்த தாமானுக்குப் போச்சு என்று ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கோம். இதுவரைக்கும் 31 குடும்பம் எழுதியாச்சு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு எட்டரை மணி வரைக்கும் ஆபீஸ்ல ஆள் இருக்கும்.