தூக்குக்கு முந்தைய நாள் வாக்குமூலம்

எட்கர் ஆலன் போ எழுதிய 'கருப்புப் பூனை' 1843 ஆகஸ்ட் 19 அன்று 'யுனைடெட் ஸ்டேட்ஸ் சாட்டர்டே போஸ்ட்' வார இதழில் வெளியானது. மறுநாள் தூக்கில் தொங்கப்போகும் ஒருவன், தன் வீட்டில் நடந்ததை எழுதிவைப்பதுதான் கதை. குடித்துக் கெட்டவர்களின் வாக்குமூலம் அன்றைய அமெரிக்க வாசகர்களுக்கு நன்கு பழகிய ஒன்று.

1830 வாக்கில் அமெரிக்காவில் குடி உச்சத்தில் இருந்தது. அதை எதிர்த்து 1826-ல் பாஸ்டனில் தொடங்கிய அமெரிக்க மதுவிலக்குச் சங்கத்தைப் பாதிரியார்கள் முன்னின்று நடத்தினர். 1840-ல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் வாஷிங்டன் சங்கத்தைத் தொடங்கியதும் இயக்கத்தின் போக்கே மாறியது. குடியை விட்டவர்களே மேடையேறி, குடும்பம் சீரழிந்த கதையையும் தாங்கள் மீண்ட கதையையும் சொன்னார்கள். கேட்டவர்கள் கண்ணீரோடு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். இதே பாணியில் வால்ட் விட்மன் 1842-ல் 'ஃபிராங்ளின் எவன்ஸ்' என்ற மதுவிலக்கு நாவலை எழுதினார்.

போ இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மீட்சியை நீக்கிவிட்டார். அவருடைய கதைசொல்லி இளம்வயதில் பிராணிகளிடம் பாசமுள்ளவன். குடி முற்றிய ஓர் இரவில், செல்லப் பூனை புளூட்டோவின் ஒரு கண்ணைப் பேனாக்கத்தியால் தோண்டி எடுக்கிறான். பிறகு ஒருநாள் அதை மரத்தில் தூக்கிலிடுகிறான். அன்றிரவே வீடு எரிகிறது. எஞ்சி நின்ற சுவரில், கழுத்தில் கயிற்றோடு ஒரு பூனையின் உருவம் பதிந்திருக்கிறது. தீயைக் கண்ட யாரோ தன்னை எழுப்புவதற்காகப் பூனையின் உடலை ஜன்னல் வழியாக எறிந்திருப்பார்கள் என்றும், புதிய சுண்ணாம்புப் பூச்சில் அது பதிந்துவிட்டது என்றும் அவன் விளக்குகிறான். தூக்கிலிட்ட தன் கொடுமையை அங்கே போகிறபோக்கில்தான் குறிப்பிடுகிறான். சுண்ணாம்பும் நெருப்பும் அம்மோனியாவும் எப்படிச் சேர்ந்தன என்பதே பேச்சாகிறது.

மனைவியின் கொலையிலும் இதே நழுவல்தான். புளூட்டோவுக்குப் பின் வீட்டுக்கு வந்த இரண்டாவது பூனையின் மீது அவன் ஓங்கிய கோடரியை அவள் தடுக்கிறாள். அவன் அவளை வெட்டிச் சாய்க்கிறான். இதைச் சொல்ல ஓரிரு வாக்கியங்கள் போதுமாகிவிடுகின்றன. நிலவறைச் சுவரில் உடலை வைத்துப் பூசிய வேலையையோ அவன் ரசித்து விரிவாக விவரிக்கிறான். அவளுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. குடி, மனிதமனத்தின் வக்கிரம், பூனையின் சூழ்ச்சி என்று பழி போகாத இடமில்லை. ஆனாலும் குற்றவுணர்வு வேறு வழியில் வெளியே வருகிறது. சோதனை முடித்துப் போலீசார் புறப்படும்போது, சுவரின் உறுதியைப் புகழ்ந்து அவனே அதைத் தடியால் தட்டுகிறான். அவனறியாமல் உடலோடு சேர்ந்து உள்ளே அடைபட்ட பூனை அலறுகிறது.

அதே ஆண்டு ஜனவரியில் வெளியான 'காட்டிக்கொடுத்த இதயம்' கதையிலும் கொலைகாரன் தனக்குப் பைத்தியம் இல்லை என்று வாதாடியபடியே தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். 1846-ல் வந்த 'அமோன்டில்லாடோ பீப்பாய்' கதையில் மது, நண்பனைச் சாவுக்கு இழுக்கும் தூண்டில். ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் கொலைகாரன் அதை நுணுக்கமாக நினைவுகூர்கிறான்.

போவுக்கும் குடி தீராத போராட்டமாக இருந்தது. 1849 ஆகஸ்டில் ரிச்மண்டில் ஒரு மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்தார். அக்டோபர் 7-ல் பால்டிமோரில் இறந்தார்.

போவின் இக்கதைகளில் வருவது போன்ற கதைசொல்லியை 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று 1961-ல் விமர்சகர் வெய்ன் பூத் வகைப்படுத்தினார். அந்த வகைக்கு 'கருப்புப் பூனை' மிகச் சிறந்த சான்று. குடிநோயாளி பிறரிடம் சொல்லும் பொய்யைவிடத் தனக்கே சொல்லிக்கொள்ளும் பொய் எவ்வளவு கொடியது என்பதை, போதனையாக அல்லாமல் அவன் வாயாலேயே இக்கதை காட்டிவிடுகிறது.