ஈஸ்ட்டும் நம் கண்ணும்

ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டுக்குப் பிரெஞ்சில் 'லெவ்யூர்' என்று பெயர். நொதித்தல் என்பது இந்தச் சிற்றுயிரின் வேலை என்று பாஸ்தர் நிறுவியதோடு எங்கள் பள்ளிப் பாடம் முடிந்துவிட்டது. பிறகு நடந்ததை ஓய்வுபெற்ற பின்தான் படித்தேன்.

1960களில் அமெரிக்காவில் லீலண்ட் ஹார்ட்வெல் என்பவர், 23 டிகிரியில் நன்றாக வளர்ந்து 36 டிகிரியில் நின்றுபோகும் ஈஸ்ட் வகைகளைச் சுமார் 400 சேர்த்தார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மரபணு பழுது. ஆர்.என்.ஏ. தயாரிப்பில் கோளாறு உள்ளவற்றுக்கு ஆர்.என்.ஏ.2, ஆர்.என்.ஏ.3 என்று வரிசையாக எண் போட்டார்கள்.

என்ன கோளாறு என்பது பின்னால்தான் விளங்கிற்று. மரபணுவிலிருந்து முதலில் எடுக்கப்படும் ஆர்.என்.ஏ., நம் அலுவலக வரைவு மாதிரி. வேண்டாத பகுதிகளை வெட்டி, மீதியை ஒட்டிச் சுத்தப் பிரதி ஆக்கினால்தான் பயன்படும். இந்த வெட்டி ஒட்டும் வேலை 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது. பழுதான ஈஸ்ட்கள் தடுமாறியது இதில்தான். கோப்பின் பெயரை மாற்றுவதுபோல, ஆர்.என்.ஏ.8 என்பது பி.ஆர்.பி.8 ஆயிற்று.

மனிதனிடம் இதற்கு இணை உண்டா? எடின்பரோவில் ஜீன் பெக்ஸ் குழுவினர், ஈஸ்ட்டின் பி.ஆர்.பி.8 புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை மனிதச் செல் சாற்றில் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கும் ஒரு பெரிய புரதம் சிக்கியது. 1989இல் செய்தி வெளியாயிற்று. பிறகு இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதில், 100க்கு 60 இடங்களுக்கு மேல் ஒன்றாகவே இருந்தது. ஈஸ்ட்டும் நாமும் கிளை பிரிந்து நூறு கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அதற்குப் பிறகும் இவ்வளவு ஒற்றுமை!

2001இல் இது மருத்துவத்துக்குள் வந்தது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு கண்நோய் வரும். முதலில் இருட்டில் பார்வை மங்கும். பிறகு பக்கப் பார்வை குறுகி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகும். வைட்டமின் குறைவால் வரும் மாலைக்கண் அல்ல இது. விழித்திரை மெல்ல அழிவது. அத்தகைய சில குடும்பங்களில் பழுதாகியிருந்தது இதே மரபணு. உடலின் எல்லாச் செல்களிலும் வேலை செய்யும் புரதம் இது. ஆனால் பழுது தெரிவதோ கண்ணில்.

ஹார்ட்வெல் கண்நோயைத் தேடியவரல்லர். அவர் காலத்தில் ஒழுங்காகப் பதிந்து வைத்த ஒரு பதிவேடு, முப்பது ஆண்டு கழித்து யாருக்கோ உதவியது. பெக்ஸ் குழுவினர் பின்னர், நோயாளிகளிடம் கண்ட அதே பழுதுகளை ஈஸ்ட்டில் உண்டாக்கி, வெட்டி ஒட்டும் இயந்திரம் எங்கே தடைபடுகிறது என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. மனிதக் கண்ணின் கோளாறுக்கு ரொட்டிக்கடை ஈஸ்ட்டிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதுவும் பதில் சொல்லியிருக்கிறது.