இரைச்சலைக் கழிக்கும் கணக்கு: ஹம்பக்கர் பிக்கப்பின் வரலாறு குறித்து

இந்தியாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது. ஒலியாக்கிக் கேட்டால் அது கீழ் ஸ்தாயியில் 'ஜி' ஸ்வரத்துக்கு வெகு பக்கத்தில் நிற்கும். நம் சங்கீதக்காரர்கள் கணக்கில் ஐந்து கட்டை, கொஞ்சம் தூக்கலாக. அமெரிக்காவில் நொடிக்கு 60 தடவை. அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே எதிலும் ஒட்டாமல் தொங்குகிறது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் பாட்டுக்கு முந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த 'ம்ம்ம்' இதுதான். வெள்ளைக்காரன் அதற்கு ஹம் என்று பெயர் வைத்தான். இங்கே உறுமல், இரைச்சல், 'கொர்ருனு ஒரு சத்தம்' என்று ஆளுக்கு ஒரு பேச்சு.

இதை வடிகட்டி எறிந்துவிட முடியாதா என்றால், முடியாது. 50இன் இரட்டிப்பு 100. அது கிட்டாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டத்தில் விரல் வைத்தால் எழும் ஸ்வரத்தின் இடம். இரைச்சலை வெட்டினால் ஸ்வரமும் சேர்ந்து வெட்டுப்படும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

ஆக, எதை இரைச்சலென்று கழிப்பது, எதை நாதமென்று வைத்துக்கொள்வது என்ற கேள்வி வருகிறது. அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி கூடவே வருகிறது. பிரெஞ்சுக்காரர் ழாக் அத்தாலி 1977இல் இரைச்சல் பற்றி ஒரு நூலே எழுதினார். இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவே கோடு கிழிப்பது அதிகாரத்தின் வேலை என்பது அவர் வாதம். அவர் பேசியது சமூக ஒழுங்கைப் பற்றி. கிட்டாருக்கு எந்த மாற்றுப் பிக்கப் வாங்கலாம் என்று கடை வாசலில் நிற்கிற பையனும் அதே கோட்டின் மேல்தான் நிற்கிறான் என்பது என் எண்ணம்.

பிக்கப் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் தலைமுடி கனமே உள்ள செம்புக் கம்பி. இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். ஆனால் தந்தி அசைத்த புலம் எது, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரும் டியூப்லைட் சோக்கும் அசைத்த புலம் எது என்று அந்தச் சுருளுக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சாம் முதலானோர் 1931-32இல் 'வாணலி' என்று பட்டப்பெயர் பெற்ற ஹவாயன் கிட்டாரைக் கொண்டு வந்தபோதே இந்த உறுமல் கூட வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் வாத்தியக்காரர்கள் அதோடு குடித்தனம் நடத்தினார்கள்.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955 ஜூனில் ஒரு காப்புரிமைக்கு மனுப் போட்டார். யோசனை எளிது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. இரண்டாவதன் சுற்றை எதிர்த்திசையில் வைப்பது. அதன் காந்த முனையையும் தலைகீழாக வைப்பது. வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டு சுருளிலும் ஒன்றுபோல விழுந்து, சுற்று எதிரெதிர் என்பதால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்கிறது. தந்தியின் சமிக்ஞை இரண்டு தடவை தலைகீழாவதால், அதாவது சுற்றாலும் முனையாலும், மறுபடி நேராகி ஒன்றோடொன்று கூடுகிறது. பகையைக் கழித்து உறவைக் கூட்டுகிற கணக்கு. ஏறக்குறைய அதே காலத்தில் இலினாய் மாநிலத்தில் ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்த ரே பட்ஸ், செட் அட்கின்ஸுக்காக இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். இருவருக்கும் 1959இல் காப்புரிமை கிடைத்தது. இரட்டைச் சுருளால் உறுமலைக் கழிக்கும் எண்ணம் 1930களின் காப்புரிமை ஏடுகளிலேயே இருந்தது என்பதால், கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டையில் நமக்கு அக்கறையில்லை.

நமக்கு அக்கறை வேறு இடத்தில். இரண்டு சுருள்கள் தந்தியை இரண்டு இடத்தில் கேட்கின்றன. அந்த இடைவெளியில் அடங்கிவிடும் அளவு சின்ன அலைகள், அதாவது தந்தியின் மிக உயர்ந்த இழைகள், உறுமலோடு சேர்ந்து கழிந்துபோகின்றன. ஹம்பக்கரின் குரல் தடித்தும் மிருதுவாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரைச்சலைத் துரத்தும்போது குரலின் ஒரு ஓரமும் வெளியே போகிறது. போனதைப் பற்றி யாரும் துக்கம் கொண்டாடவில்லை. மீந்ததற்கு 'வெதுவெதுப்பு' என்று பெயர் வைத்து விற்றார்கள்.

1957 முதல் கிப்சன் கிட்டார்களில் இது வந்தது. பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு ஸ்டிக்கர். 1959இல் உரிமை கிடைத்த பிறகும் 1962 வாக்கில்வரை அதே ஸ்டிக்கர்தான். அதற்கப்புறம் ஒரு காப்புரிமை எண்ணைப் போட்டார்கள். அந்த எண் ஹம்பக்கருடையதே அல்ல, லெஸ் பால் என்ற வாத்தியக்காரரின் தந்தி தாங்கிக்கு உரியது! போட்டிக்காரனை ஏய்க்கவா, அசிரத்தையா, இரண்டுக்கும் கதை சொல்லுவார்கள்.

அந்த ஐந்தாறு வருஷத்துப் பிக்கப்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை. சுற்றும் இயந்திரத்தில் எண்ணிப் பார்த்து நிறுத்தும் ஏற்பாடு இல்லை. பாபின் நிறைந்தால் கையை எடுப்பது. சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது பேச்சுக்கு. சிலதில் கூடும், சிலதில் குறையும். மின்தடை 7,000 ஓமிலிருந்து 9,000 ஓம் வரை அலையும். காந்தமும் அப்படித்தான். அல்னிகோ என்கிற அலுமினிய, நிக்கல், கோபால்ட் கலப்பில் இரண்டாம் ரகமோ ஐந்தாம் ரகமோ, கைக்கு எது அகப்பட்டதோ அது. இரண்டு சுருளும் சமமில்லாதபோது உறுமலும் முழுக்கக் கழியாது, உயர் இழைகளும் முழுக்கக் கழியாது. அந்தச் சமமின்மைதான் பிற்காலத்தில் 'அந்தக் காலத்து நாதம்' ஆயிற்று. இன்று ஸ்டிக்கரோடு ஒரு ஜோடி பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

எந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருளின் ஒளிவட்டம் கருகிப்போகிறது என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். இங்கே ஒளிவட்டம் தொழிற்சாலைக்குள்ளிருந்தே முளைக்கிறது. மாலை வேலை முடிகிற நேரத்தில் யாரோ ஒரு தொழிலாளி கூடுதலாகச் சுற்றிய இருநூறு சுற்று, அரை நூற்றாண்டுக்குப் பின் ஏலத்தில் விலை போகிறது. காப்புரிமைப் பத்திரத்தில் லவரின் பெயர் இருக்கிறது. சுற்றியவர் பெயர் எந்த ஸ்டிக்கரிலும் கிடையாது.

மாற்றுப் பிக்கப் என்ற சரக்கு பிறந்தது 1972இல். நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்ஸியோ, ஆம்ப்ளிஃபயரைத் திணறடிக்கவென்றே செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றுமாக ஒன்றைச் செய்து தனியாக விற்றார். பெயரே 'சூப்பர் டிஸ்டார்ஷன்'. 1976இல் கலிஃபோர்னியாவில் சேமூர் டங்கன் கம்பெனி. வேடிக்கையைப் பாருங்கள்: உறுமலைக் கழிக்கச் செய்த கருவி, பதினைந்தே வருஷத்தில் வேறொரு இரைச்சலை வேண்டி விரும்பி உண்டாக்கும் கருவியாகிவிட்டது. மின்சாரவாரியம் தரும் இரைச்சல் வேண்டாம், காசு கொடுத்து வாங்கிய இரைச்சல் வேண்டும். அத்தாலி கிழித்த கோடு இப்போது விலைப்பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் பக்கம் கதை வேறு மாதிரி. கல்கத்தாவில் கிவ்சன் என்றும் ஹோப்னர் என்றும் கிட்டார் செய்தார்கள். கிப்சன், ஹோஃப்னர் என்ற பெயர்களின் நிழல் பெயரிலேயே கிடக்கிறது. நுகர்பொருள் இறக்குமதிக்கு அளவுக்கட்டுப்பாடு முழுசாக நீங்கியது 2001இல்தான். அதுவரைக்கும் வெளிநாட்டுக் கிட்டார் என்பது சிங்கப்பூர் மாமா, துபாய் மச்சான் வகையறா. பிக்கப்பை மட்டும் தனியாக வாங்கி மாற்றுவது என்பது மதுரையில் நினைப்பிலேயே கிடையாது. கெட்டுப்போனால் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துச் சுற்றி வாங்குவார்கள். அவருக்குத் தெரிந்த கம்பி, அவருக்குத் தோன்றிய சுற்று.

ஆனால் காது மட்டும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அப்போதைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் கிட்டார் கற்று 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபின், மெல்லிசைக் குழுவுக்குக் கிட்டார் தவிர்க்க முடியாததாயிற்று. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததும் 'இளைய நிலா'வின் அந்த ஆரம்பத்தை வாசிக்கத் தெரியாதவனுக்கு மேடையில் சம்பளம் இல்லை என்றாகிவிட்டது. ஒலிப்பதிவில் அதை வாசித்தவர் சந்திரசேகர். சதானந்தமும் அவரும் வாசித்த எத்தனையோ பாட்டுக்குக் கேசட் உறையில் அவர்கள் பெயர் இருந்ததில்லை. கலமசூவில் சுற்றியவர்களுக்கும் கோடம்பாக்கத்தில் வாசித்தவர்களுக்கும் அந்த விஷயத்தில் உறவுமுறை உண்டு.

அந்தப் பாட்டு மரக்கூட்டுக் கிட்டாரில் பதிவானது. மேடையில் அதை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்க வேண்டும், அடுத்த பாட்டுக்கே டிஸ்டார்ஷன் வேண்டும். ஒரே கிட்டார், ஒரே ஆள். மாற்றுப் பிக்கப் தேர்வு என்பது இங்கே இந்த இக்கட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

கோச்சடையில், மேலக்கால் ரோட்டுப் பக்கம், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் திருவிழா மேடைகளில் வாசிக்கிறவர். முத்தையா கோயில் பக்கத்து வயல்கள் அடுக்குமாடியாவதற்கு முந்தியிருந்தே வாசிக்கிறார். இரண்டு வருஷம் சேர்த்த காசில் செராமிக் காந்தம் போட்ட தடித்த ஹம்பக்கர் ஒன்றை வாங்கி மாட்டினார். "அண்ணே, அப்பவும் இரையுதுண்ணே. காசு போச்சு" என்றார். மேடையில் போய்ப் பார்த்தால் ஜெனரேட்டர், சீரியல் செட், அதற்கு மினுக்கு சுவிட்ச், கீபோர்டுக்கு ஒரு பிளக், கிட்டாருக்கு வேறு மூலையிலிருந்து ஒரு பிளக். எர்த் கம்பி எங்கேயுமே மண்ணைத் தொடவில்லை.

ஹம்பக்கர் கழிப்பது சுருளில் காந்தப்புலமாக வந்து விழும் உறுமலை மட்டும். ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே பிறக்கும் உறுமலையோ, இரண்டு பிளக்குக்கு நடுவே எர்த் வழியாகச் சுற்றுகிற உறுமலையோ அது தொடாது. மினுக்கு சுவிட்ச் கிளப்பும் 'கிர்' சத்தத்துக்கு, கிட்டாரின் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி மறைப்புப் போடவேண்டும். அமெரிக்காவில் ஒரு கட்டடத்தின் வயரிங் ஒழுங்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு செய்த கருவி இது. அந்த நிபந்தனை ஸ்டிக்கரில் எழுதப்படவில்லை. பிக்கப்பின் விலையைவிட மிகக் குறைந்த செலவில் கம்பியும் தகடும் வாங்கி முக்கால் இரைச்சலை அன்றைக்கே அடக்கினோம். மேடைப் பந்தல்காரர் எர்த் போடுவாரா என்பது வேறு விஷயம். அங்கே கிட்டார்க்காரனுக்குக் குரல் கிடையாது.

இதே காலத்தில் சபாக்களில் வேறொரு விசாரணை நடந்தது. ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினோடு சிறுவனாக மேடையேறியபோது, இது கர்நாடக வாத்தியமா என்று கேட்டார்கள். மாண்டலின் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி. குட்டைத் தந்தி, மீட்டிய கணமே நாதம் செத்துவிடும், அசைத்துக் கமகம் கொடுக்க நேரம் இருக்காது. அவர் ஜோடியைக் கழித்து ஒற்றைத் தந்தியாக்கினார், ஐந்தாக வைத்தார். நாதத்தை நீட்டிக் கொடுத்தது பிக்கப். கமகம் மரபின் உயிர் என்றால் அந்த உயிருக்கு மூச்சு வந்தது மின்சாரத்திலிருந்து. 2014இல் அவர் மறையும்போது அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீணையில் காந்தப் பிக்கப் பாதிதான் வேலை செய்யும். எஃகுத் தந்தி கேட்கும். மந்தரத்துப் பித்தளை, வெண்கலத் தந்தி காந்தத்துக்குச் செவிட்டுப் பொருள். அதனால் பலகையின் அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் மைக்கை ஒட்டினார்கள். தம்புராவிலோ, குதிரையில் தந்திக்கு அடியில் ஜீவாளி என்று ஒரு நூலைச் செருகி, 'ஸ்ஸ்ம்' என்ற இரைச்சலை வேண்டுமென்றே வரவழைக்கிறோம். கலமசூவில் கழித்த அந்த மேல் இழைகளின் இனம்தான் இதுவும். பெயரைப் பாருங்கள்: ஜீவன்.

ஆக, என்ன வாங்குவது? என் அபிப்பிராயம் கேட்டால், நம் மேடைக்கு அதிகச் சுற்று, அதிக ஓசை என்ற ஆசை வேண்டாம். மிக்ஸர்காரர் அதை எப்படியும் குறைத்துவிடுவார். மிஞ்சுவது மங்கின குரல். டிஸ்டார்ஷனைக் காலடிப் பெட்டி தரும். கழுத்துப் பக்கம் 7,000 ஓம் சுமாருக்கு அல்னிகோ காந்தம் போட்ட ஒன்று, நாலு கம்பி வெளியே விட்டது. அந்த நாலு கம்பி இருந்தால் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து ஒரு சுருளை மட்டும் பேசவிடலாம். உறுமல் திரும்பி வரும், கூடவே கழிந்துபோன இழையும் வரும். 'இளைய நிலா'வுக்கு அதுதான் சௌகரியம்.

கம்பி நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதை மட்டும் கவனிக்கணும். ஒரு சுருளின் இரண்டு முனையை மாற்றிப் பற்றவைத்துவிட்டால் கணக்கு தலைகீழ்: உறுமல் கூடும், தந்தி கழிந்துபோய்ச் சன்னமான முனகல் மட்டும் கேட்கும். தம்பிக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. மறுபடி ஈயத்தை உருக்கி மாற்றி வைத்தார். கழற்றிய செராமிக்கை இப்போது குதிரைப் பக்கம் மாட்டியிருக்கிறார். பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லையாம்.