நேபாளத்தின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு: வரைவும் நடைமுறையும்

நேபாளத்தில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கட்டடம் எழுப்பவேண்டும் என்னும் சட்டநெறி உருவாவதற்கு இரண்டு பேரழிவுகள் தேவைப்பட்டன. 1934 ஜனவரி 15 அன்று நேர்ந்த பெருநடுக்கத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். அதன்பின் காத்மாண்டுவில் அகன்ற புதிய வீதி ஒன்று அமைந்தது. ஆனால் அவ்வீதியின் இருமருங்கும் எழும் சுவர்கள் எவ்வாறு அமையவேண்டும் என வரையறுக்கும் நாடுதழுவிய விதித்தொகுப்பு எழவில்லை. 1988 ஆகஸ்ட் 21 அன்று கிழக்கு நேபாளத்தின் உதயபூர்ப் பகுதி குலுங்கி 700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னரே அரசு அப்பணியை மேற்கொண்டது. அதுவரை பொறியாளர் பெரும்பாலும் இந்தியத் தர நெறிகளையே துணைக்கொண்டனர். பொறியாளரை நாடாதோர் எதனையும் துணைக்கொள்ளவில்லை. நாட்டின் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டாம் வகையினர் கட்டியவை.

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் வரையப்பெற்று 1994இல் நிறைவுற்ற விதித்தொகுப்பு, இவ்வுண்மையை ஒப்புக்கொண்டதாலேயே தனிச்சிறப்புப் பெறுகிறது. வளரும் நாடுகள் பல, செல்வ நாடுகளின் விதிநூல்களைச் சிறிதே மாற்றித் தமதாக்கிக் கொண்டன. நேபாள வரைவோ நான்கு படிகளைக் கொண்டது. முதற்படி பன்னாட்டு உயர்தர நெறிகளுக்கு இடமளித்தது. இரண்டாம் படி பொறியாளர் கணக்கிட்டு எழுப்பும் கட்டடங்களுக்குரியது. மூன்றாம் படி, சிறு கட்டடங்களுக்கான கட்டாய அளவுவிதிகள். கணக்கீடு ஏதுமின்றி, அறையின் நீள அகலம், தூணின் பருமன், கம்பியின் எண்ணிக்கை ஆகியவற்றை அவை நேரடியாகவே சொல்லின. நான்காம் படி தொலைமலைக் கிராமங்களில் மண்சாந்தால் கல்லடுக்கிக் கட்டும் வீடுகளுக்கும் மண் வீடுகளுக்கும் உரிய வழிகாட்டி. சுவரின் இருமுகங்களையும் ஊடுருவிப் பிணைக்கும் நீள்கல், சுவரைச் சுற்றிக் கட்டும் மரப்பட்டி அல்லது மூங்கிற்பட்டி, மூலையிலிருந்து தள்ளி வைக்கும் சன்னல் என அது கூறுவன யாவும் ஊர்க் கொத்தனார் கைக்கு எட்டக்கூடியவை.

மூன்றாம் நான்காம் படிகளின் போக்கு தமிழாய்வாளருக்குப் புதிதன்று. சோழர் காலத் தென்னகத்தில் உருவானதாகக் கருதப்படும் மயமதம் முதலிய சிற்பநூல்களும் விசையைக் கணக்கிடாமல் விகிதத்தையே விதியாக்கின. நோக்கம் வேறாயினும், கைவினைஞன் நினைவில் நிற்கும் அளவே அவன் கையில் செயற்படும் என்னும் அறிதல் இரண்டுக்கும் பொது.

வரைவு நிறைவுற்றும் சட்டவலிமை வரவில்லை. கட்டடச் சட்டம் 1998இல், அதாவது நேபாள நாட்காட்டியின் 2055ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விதித்தொகுப்பு 2003இல்தான் நடைமுறை ஆணை பெற்றது. முதலில் அதனைக் கைக்கொண்ட நகராட்சி லலித்பூர். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கெங்கும் 9 அங்குலத் தூண்களின்மேல் வீடுகள் பெருகின. கைப்பணம் சேரும்தோறும் ஒரு தளம் கூடியது. இத்தாமதமே இவ்வரலாற்றின் பெரும் பிழை எனலாம். ஆணை வந்தபின்னும் விதி நகராட்சி அலுவலகத்தின் வரைபட மேசையில் மதிக்கப்பட்ட அளவுக்குக் கட்டுமிடத்தில் மதிக்கப்படவில்லை. கிராமங்களிலோ வரைபட அனுமதி பெறும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. யாருக்காக நான்காம் படி எழுதப்பட்டதோ அவர்களை அது சென்றடையவில்லை.

2015 ஏப்ரல் 25 அன்று, நண்பகலுக்குச் சற்றுமுன், கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக்கை மையமாகக் கொண்டு 7.8 அளவிலான நடுக்கம் நேர்ந்தது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 9,000. அரசின் மதிப்பீட்டின்படி 4,98,852 வீடுகள் முற்றிலும் அழிந்தன. 2,56,697 வீடுகள் பகுதியளவு சிதைந்தன. அழிந்தவற்றுள் பெரும்பான்மை மண்சாந்துக் கல்வீடுகள், அதாவது நான்காம் படிக்கு உரியவை. அன்று சனிக்கிழமை; நேபாளத்தில் அது விடுமுறை நாள். இடிந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லாமற்போனதற்கு நாட்காட்டியே காரணம். எனினும் பள்ளத்தாக்கில் முன்னரே வலுப்படுத்தப்பெற்றிருந்த பள்ளிகள் பெருஞ்சேதமின்றி நின்றன என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பள்ளிகளை வலுப்படுத்தும் பணியினூடே உள்ளூர்க் கொத்தனாருக்கும் பயிற்சியளித்த நேபாள நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கத்தின் முயற்சிக்கு அவை சான்று.

சட்டம் செய்யாததை அதன்பின் பணம் செய்தது. தேசிய மறுசீரமைப்பு ஆணையம் வீடிழந்த குடும்பத்துக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாயை 50,000, 1,50,000, 1,00,000 என மூன்று தவணைகளில் வழங்கியது. அடித்தளம் விதிப்படி அமைந்ததைப் பொறியாளர் பார்வையிட்ட பின்னரே இரண்டாம் தவணை. நகர் வளர்ச்சி, கட்டட நிர்மாணத் துறை 17 மாதிரி வீடுகளின் வரைபட நூலை வெளியிட்டது. மலைச்சரிவுகளில் அதுவரை பரவலாகக் காணப்படாத கிடைப்பட்டிகள் சுவர்தோறும் தோன்றின. விதித்தொகுப்பு மெய்யாகவே கிராமத்துள் நுழைந்தது அப்போதுதான்.

ஆனால் அந்தத் தொகைக்குள் அடங்கியது சிறுவீடே. பல குடும்பங்கள் தவணை பெறுவதற்காக ஓரிரு அறைகளை மட்டும் விதிப்படி எழுப்பின. மூன்று தளப் பழைய வீட்டில் கீழே கால்நடையும் மேலே தானியமும் அடுப்புமாக வாழ்ந்தோருக்கு அது போதவில்லை. ஆகவே சான்று பெற்ற புதிய அறையின் அருகிலேயே, விரிசல் விட்ட பழைய சுவர்களுக்குள் சமையலும் களஞ்சியமும் தொடர்ந்தன.