மலிவான கைகள் இருக்கும் ஊர்

1960களில் இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்த ஆண்களை நினைத்து அரசு கவலைப்பட்டது. அங்கே தொழிற்சாலை வைப்பவர்களுக்குச் சலுகை தந்தது. தொழிற்சாலைகளும் வந்தன. ஆனால் அவை வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் பெண்களை. ஏன்? டோரீன் மாசி, லிண்டா மெக்டவல் என்ற இரு புவியியலாளர்கள் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு விடை தேடி ஒரு நூற்றாண்டு பின்னால் போகிறது.

சுரங்கத்தில் பெண்கள் இறங்குவதை 1842ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. டர்ஹாம் பெண்ணுக்கு ஊரில் வேறு கூலி வேலையும் அரிது. கணவனுக்கு ஒரு ஷிப்ட், மகனுக்கு வேறொரு ஷிப்ட். ஒவ்வொருவர் திரும்பும்போதும் வெந்நீர், சாப்பாடு, கரி படிந்த துணிகள். மறுநாள் சுரங்கத்துக்கு ஆள் தயாராவது இந்த உழைப்பால்தான். சுரங்க முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பருத்தி ஆலைகளின் லங்காஷயரில் கதை வேறு. அங்கே மணமான பெண்களும் தறியில் நின்றார்கள், தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 1901இல் வாக்குரிமை கேட்டு 29,000க்கும் மேற்பட்ட ஆலைப் பெண்களின் கையெழுத்துகள் நாடாளுமன்றத்துக்குப் போயின. (வாக்குரிமை இயக்கம் என்றதும் நமக்கு லண்டன் சீமாட்டிகளின் தொப்பிகள்தான் நினைவுக்கு வருகின்றன.) இந்த ஆலைகளும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மூடப்பட்டன. வேலை போனவர்களில் பெண்கள் ஏராளம். ஆனால் மணமான பெண்கள் பலரின் பெயர் வேலையற்றோர் பதிவேட்டில் ஏறவே இல்லை. பதிவேட்டில் இல்லாதவர்களுக்காக எந்த அரசு சலுகை அறிவிக்கும்?

முதலாளிகளுக்கும் டர்ஹாம்தான் வசதி. அங்கே இருந்தவர்கள் கூலி வேலைக்குப் புதியவர்கள், சங்கம் பழகாதவர்கள், வீட்டு வேலையோடு ஒத்துப்போகும் நேரத்துக்காகக் குறைந்த கூலிக்கும் சம்மதிப்பவர்கள். உரிமை கேட்டுப் பழகிய லங்காஷயர்ப் பெண் அவர்களுக்கு எதற்கு? மூலதனம் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஊர் வீடுகளுக்குள் யார் சமைத்தார்கள், யார் சம்பாதித்தார்கள் என்ற வரலாற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது.

அன்றைய இடதுசாரிப் புவியியல் இதைப் போதிய அளவு பார்க்கவில்லை. 1969இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ‘ஆன்ட்டிபோட்’ இதழ் தொடங்கியபோது, புவியியல் வரைபடம் வரைவதோடு நிற்காமல் வறுமையையும் ஏகாதிபத்தியத்தையும் கேள்வி கேட்கத் துணிந்தது. டேவிட் ஹார்வி, நெருக்கடியில் சிக்கும் மூலதனம் புதிய நிலங்களைத் தேடிப் பாய்வதை விளக்கினார். அது பெரிய பங்களிப்பு. இன்றும் அதைத் தவிர்த்துவிட்டு உலக முதலாளித்துவத்தைப் படிக்க முடியாது. ஆனால் 1989இல் வந்த அவருடைய நூலில், உலகம் சுருங்கிவிட்டது, காலமும் வெளியும் நெருங்கிவிட்டன என்ற அனுபவம் எல்லோருக்கும் பொதுவானதுபோல வருகிறது. யாருக்குச் சுருங்கியது என்று 1991இல் மாசி திருப்பிக் கேட்டார். விமானத்தில் பறப்பவரும், எல்லை கடக்க முடியாத அகதியும், இருட்டியபின் தெருவில் இறங்க அஞ்சும் பெண்ணும் ஒரே உலகத்திலா இருக்கிறார்கள்? அந்தப் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துவது மூலதனம் மட்டுமல்ல, ஆண்களும்தான் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். நகர்வைத் தீர்மானிக்கும் இந்த ஏற்றத்தாழ்வுக்கு அவர் வைத்த பெயர் ‘அதிகார வடிவியல்’. பெயர் கணிதப் பாடம்போல ஒலித்தாலும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட எந்தப் பெண்ணுக்கும் அது புரியும்.

டர்ஹாமுக்கு வந்தவை உருப்படியான வேலைகளே அல்ல என்ற குறை அப்போதே எழுந்தது. கூலி குறைவு, முன்னேற வழியில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் குறையில் பாதி, வேலை ஆண்களுக்குப் போகவில்லையே என்பதுதான். பெண்கள் கையில் சொந்தச் சம்பளம் வந்தது. ஆலையிலிருந்து திரும்பினால் அடுப்பும் துணியும் அவர்களுக்காகவே காத்திருந்தன.