ஸ்கூடாய் ஆறு சொல்லும் நிர்வாகப் பாடம்

ஒரு நிறுவனம் செழிப்பதும் சரிவதும் எதனால்? போதிய முதல் இல்லை என்பர் சிலர். காலநேரம் சரியில்லை என்பர் வேறு சிலர். நிர்வாகத் துறை அறிஞர்களோ தொழில்நுட்பம், அமைப்புமுறை, பண்பாடு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்கின்றனர். மூன்றும் ஒத்துப்போனால் நிறுவனத்தின் வியூகம் பலிக்கும். ஒன்று மாறி மற்றவை மாறாமல் நின்றால் எல்லாமே ஆட்டங்காணும். இதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டியதில்லை. ஜோகூரின் ஸ்கூடாய் வட்டாரமே போதும்.

ஜோகூரைத் திறக்க விரும்பிய தெமெங்கோங் இப்ராஹிம், சீனத் தலைவர்களுக்கு ஆற்றோர நிலங்களை ஒப்படைத்து ‘சூராட் சூங்கை’ எனும் உரிமைக் கடிதங்களை வழங்கினார். 1844-இல் வழங்கப்பட்ட மிகப் பழைய கடிதங்களுள் ஸ்கூடாய் ஆற்றுக்கு உரியதும் ஒன்று. உரிமை பெற்ற தலைவர் ‘கங்சு’. அவருடைய குடியிருப்பு ‘கங்கார்’. ஸ்கூடாய்க்கு அருகிலுள்ள கங்கார் பூலாய் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கே காம்பீரும் மிளகும் பயிராயின. காம்பீர் இலையைக் காய்ச்சி எடுத்த சாறு தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்டது. மிஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரமானது. கச்சிதமான ஏற்பாடுதான். ஆனால், காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். காடு கரைந்தது, மண்ணும் சத்திழந்தது. உடனே கூட்டம் வேறு காட்டுக்கு நகர்ந்தது. இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் அந்த அமைப்பின் வியூகம். ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் ரப்பர் வந்தபோது அதற்கு வேலையில்லாமல் போனது. 1917-இல் கங்சு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ரப்பரின் எழுச்சிக்குப் பின்னால் ஒரு சிறு கத்தியின் நுட்பம் இருந்தது. மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890-களில் உருவாக்கினார். ஒரே மரம் பல ஆண்டுகள் பால் தரும் என்றானதும் விடியற்காலையில் தவறாமல் வேலைக்கு வரும் நிலையான ஆட்படை தேவைப்பட்டது. அதற்கேற்ப அமைப்பும் பிறந்தது. மேலே துரை, நடுவில் கிராணி, கீழே கங்காணி. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்தார். அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கிடைத்தது. உறவும் ஊர்ப்பற்றும் கோயில் திருவிழாவும் ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. பண்பாடே நிர்வாகக் கருவியானது!

ஆனால், அந்த அமைப்பில் தொழிலாளிக்கு வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. போருக்குப் பின்னர் பல தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டன. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று.

இந்த நெருக்கடியில் எழுந்ததே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரமும் அதே, கத்தியும் அதே. மாறியது உரிமை. பால் வெட்டியவரே பங்குதாரர் ஆனார். அந்தச் சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

அடுத்து வந்தது செம்பனை. ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே அதற்குப் போதும். செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலையில் பலர் ஈடுபட்டிருந்தனர். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சின்னஞ்சிறு வண்டு, ஜோகூரின் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விடப்பட்டது. விளைச்சல் பெருகியது, கைவேலை தேவையற்றுப் போனது. நிறுவனத்தின் கணக்கில் அது மாபெரும் வெற்றி. அந்த வேலையை நம்பியிருந்த குடும்பத்தின் கணக்கில்?

1985-இல் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் செயல்படத் தொடங்கியது. சுற்றிலும் தாமான்கள் எழுந்தன. ஒரு காலத்தில் காம்பீர் விளைந்த வட்டாரத்தில் இன்று பொறியியல் பட்டதாரிகள் உருவாகின்றனர்.

கங்சு போனார், கங்காணி போனார். தொழில்நுட்பம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால், அது மாறும்போது இழப்பை யார் சுமப்பது என்பதை அமைப்புதான் தீர்மானிக்கிறது. உழைப்பவருக்குப் பங்கும் பயிற்சியும் தரும் அமைப்பில் மாற்றம் ஏணியாகும். தராத அமைப்பில் அது வெளியேற்ற ஆணையாகும். கணினியும் இயந்திர மனிதனும் வேலைத்தளத்துக்குள் நுழைந்துவிட்ட இக்காலத்தில், நிறுவனத் தலைவர்களும் தொழிற்சங்கங்களும் மறக்கக்கூடாத பாடம் இது.